அண்ணன் முறை

ஆடி மாதத்துக் கச்சான் காற்று ஒரு வாரத்துக்கு மேல் படகு இறக்க விடாமல் அடித்துவிட்டு, கனிமொழியை வீட்டைவிட்டு அனுப்பிய அன்றைக்குத்தான் ஓய்ந்திருந்தது. கடலூர் துறைமுகத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் குப்பத்தில் எல்லாப் படகுகளும் ஒன்றாக இறங்கி ஒன்றாகத் திரும்பியிருந்தன. எல்லா வலையிலும் கவலை மீன். பெண்கள் கூடையும் அன்னக்கூடையுமாகக் கரையில் நின்றார்கள். ஏலத்துக்கு எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்கிற சிவசங்கரின் அம்மா தில்லையம்மாளை மட்டும் காணவில்லை.

பழனிவேலும் சிவசங்கரும் எதிரெதிரே உட்கார்ந்து வலைக்கண்ணியிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஃபைபர் படகு சிவசங்கருடையது. பழனிவேல் அதில் தொழிலுக்குப் போகிறவன். அப்பா அம்மா இல்லை. நாற்பதை நெருங்கியும் கல்யாணம் கட்டாமல், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் அறையில் தனியாக இருந்தான். ஒரு வேளைச் சோறு சிவசங்கர் வீட்டில். முறைப்படி சிவசங்கர் அவனுக்கு மச்சான். அதனால் சிவசங்கர் பெண்டாட்டி கனிமொழிக்கு அவன் அண்ணன். அவளும் வாய் நிறைய "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். கானாங்கத்தக் குழம்பு வைத்தால் அவனுக்கென்று வால் துண்டில்லாமல் நடுத்துண்டாக எடுத்து வைப்பாள்.

சிவசங்கரின் போன் பிளாஸ்டிக் பைக்குள் அடித்தது. பையோடு காதில் வைத்துக் கேட்டான். "சரிம்மா, சரி" என்றான். போனை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடியும் மீனில் கை வைத்தான்.

"கனிமொழிய அவ ஊருக்கு அனுப்பிட்டாங்களாம்."

"முழுகாம இருக்குற புள்ளைய ஏன் அனுப்புனாங்க?"

"ரத்தம் எடுத்தாங்கல்ல. அதுல என்னமோ வந்திருக்காம்."

"என்னமோன்னா?"

சிவசங்கர் அக்கம்பக்கம் பார்த்தான். பக்கத்துப் படகுக்காரர்கள் காகத்தை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீ மாத்திரை திங்கிறியே. அதான்."

பழனிவேலின் கை நின்றுவிட்டது. வலையில் செவுளோடு சிக்கியிருந்த மீன் ஒன்று இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. சிவசங்கர் அதைப் பிய்த்து எடுத்துக் கூடையில் போட்டான்.

"கழட்டு மச்சான். வெயில் ஏறுது."

பழனிவேலுக்கு அந்த நோய் இருப்பது தெரிந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், சிதம்பரத்தில். ஆனித் தேர் பார்க்கப் போன இடத்தில், தேரோடும் வீதி ஓரமாகக் கூடாரம் போட்டு இலவசமாக ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தில் இருந்தவன் தில்லைநாதன். ஒரு காலத்தில் சிதம்பரம் ரயிலடிப் பக்கம் இருட்டிய பிறகு பழனிவேலுக்குப் பழக்கமானவன். இப்போது ஆண்களோடு போகிற ஆண்களைத் தேடிப் பிடித்துப் புத்தி சொல்கிற வேலையில் இருந்தான். "வா, உக்காரு. ஒரு சொட்டுதான்" என்று விரலைப் பிடித்து இழுத்துவிட்டான்.

முடிவு வந்தபோது பழனிவேல் நம்பவில்லை. "நான் எந்தப் பொம்பளைகிட்டயும் போனதில்லையே" என்றான்.

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்றான் தில்லைநாதன். "பொம்பளைகிட்ட போனாதான் வரும், ஆம்பளயும் ஆம்பளயும் இருந்தா ஒன்னும் இல்லன்னு நெனச்சிக்கிட்டு எவனும் உறை போடுறதில்ல. ஊர்ல மத்தவங்களவிட நம்ம ஆளுங்கள்லதான் இது ஜாஸ்தி. உன்கூட இருக்குறது யாரு? அவன இட்டுக்கினு வா."

கூட இருப்பவன் யாரென்று பழனிவேல் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே நடுக்கடலில் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிவசங்கரிடம் எல்லாவற்றையும் சொன்னான். இருபது வயதிலிருந்து அவர்களுக்குள் இருந்த உறவு அது. சிவசங்கருக்குக் கல்யாணமானபோது நின்றது, மகள் ப்ரீத்தி பிறந்த பிறகு மறுபடி தொடங்கியது. அதற்கு ஒரு பெயர் வைத்து இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

சிவசங்கர் கேட்டுவிட்டுச் சிரித்தான். "லைன் பொம்பளைங்ககிட்ட போறவனுக்குத்தாண்டா அதெல்லாம். நாம எவகிட்ட போனோம்?"

"நீ போன்ல ஆளு புடிச்சி துறைமுகத்து லாரி ஷெட்டுக்குப் போறது எனக்குத் தெரியும் மச்சான். நானும் ரயிலடிக்குப் போனவன்தான். யாரு யாருக்குக் குடுத்தோம்னு கேக்கல. ஒரு தடவ ரத்தம் பாத்துரு."

"என் உடம்பப் பாரு. இதுக்கு நோவு வருமா?"

கொஞ்ச நாள் அவன் ஐஸ் கம்பெனிப் பக்கம் வராமல் இருந்தான். பிறகு வந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த உறையைப் பழனிவேல் எடுத்தபோது, "என்ன, என்னையே சந்தேகமா?" என்று கோபித்துக்கொண்டான். பழனிவேல் அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மாதா மாதம் கடலூரில் எவன் கண்ணிலும் படாமல் சிதம்பரம் போய் மாத்திரை வாங்கினான். உடம்பு தேறியது. கனிமொழி போட்ட சோற்றைத் தின்றான். அவளிடம் சொல்ல வேண்டியது சிவசங்கரின் பாடு என்று வைத்துக்கொண்டான். அப்படி வைத்துக்கொள்வது சுலபமாகவும் இருந்தது.

கனிமொழிதான் மாமியாரிடம் தானாகப் போய்ச் சொன்னது. நர்சம்மா தனியாகக் கூப்பிட்டு, "யார்கிட்டயும் சொல்லணும்னு இல்ல, வூட்டுக்காரர மட்டும் கூட்டிட்டு வா, மாத்திரை சாப்பிட்டா கொழந்தைக்கு வராமப் பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த நேரத்தில் புருசன் கடலில் இருந்தான். பெற்ற தாய் மாதிரி நினைத்து மாமியாரிடம் அழுதாள். தில்லையம்மாள் அவள் துணியை ஒரு உரச்சாக்கில் திணித்து வாசலில் வைத்தாள். பிள்ளையைக் கேட்டதற்கு, "புள்ளையத் தொடாத" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கனிமொழியின் அண்ணன் உத்திராபதி, கிள்ளைப் பக்கத்திலிருந்து இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நியாயம் கேட்க வந்தான். கனிமொழியும் வந்திருந்தாள். சிவசங்கர் வீட்டு முன்னால் வலை போடுகிற கீற்றுக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஊர்த் தலைவரான நாட்டார் சுப்பராயலு நடுவில் உட்கார்ந்தார். காய்கிற நெத்திலியின் வாடை கொட்டகைக்குள் அடைந்து கிடந்தது. வந்தவர்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். கனிமொழிக்கு மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

தில்லையம்மாள் ஏலம் கூறுகிற குரலிலேயே பேசினாள். "மொத புள்ள வயித்துல இருந்தப்ப இதே டெஸ்டு எடுத்தாங்க. ஒன்னுமில்ல. இப்ப இருக்குன்னா என்னா அர்த்தம்? நடுவுல எவனோ பூந்திருக்கான். என் புள்ள கடலு உண்டு வூடு உண்டுன்னு இருக்குறவன்."

"மாப்ளைக்கும் டெஸ்டு எடுங்க அத்தை" என்றான் உத்திராபதி. "எடுத்துட்டு அப்பறம் என் தங்கச்சியப் பேசுங்க."

"எனக்கு எதுக்கு டெஸ்டு?" சிவசங்கர் தலையைத் தூக்காமல் சொன்னான். "நான் நல்லாத்தான் இருக்கேன்."

"யம்மா, நீ சொல்லு" என்றார் சுப்பராயலு. "அம்மன் கோயில்ல வந்து சத்தியம் பண்ணுவியா?"

"எங்க வேணா பண்றேங்க. அவுரையும் கூட வந்து பண்ணச் சொல்லுங்க."

சிவசங்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பழனிவேல் கொட்டகைக் காலில் சாய்ந்து நின்றபடி அவன் வாயையே பார்த்தான். அவன் சொல்லிவிடுவான், இப்போது சொல்லிவிடுவான் என்று ஒரு நைப்பாசை. சிவசங்கர் கால் பெருவிரலால் மணலைக் கிளறினான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

முதல் நாள் முழுக்க மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைப் பழனிவேல் பேச ஆரம்பித்தான்.

"கனிமொழி மேல ஒரு தப்பும் இல்ல. அந்த நோவு எனக்கும் இருக்கு. ரெண்டு வருசமா மாத்திரை திங்கிறேன்."

அடுத்த வாக்கியம் வாய்க்கு வருவதற்குள் தில்லையம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"கேட்டீங்களா எல்லாரும். கேட்டுக்கிட்டீங்களா. ஒருநாள் தப்பாம வந்து உக்காருவான், இவ பாத்துப் பாத்துப் போடுவா. அண்ணன் மொறையாச்சேன்னு நானும் வுட்டேன் பாவி."

கூட்டம் முழுக்க ஒரு முனகல் ஓடியது. பழனிவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"இல்ல அத்தை. அவகிட்ட இல்ல. சிவா கிட்ட."

"சிவா கிட்ட என்னாடா?" என்றார் சுப்பராயலு.

"எனக்கும் அவனுக்கும்தான். கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே. அவன்கிட்ட இருந்துதான் இந்தப் பொண்ணுக்கு வந்திருக்கணும். அவனக் கேளுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சுப்பராயலு சிரிக்கவில்லை. அருவருப்போடு முகத்தைச் சுளித்தார்.

"ஆம்பளைக்கு ஆம்பள எப்டிடா வரும் அந்த நோவு? பொம்பளைகிட்ட வர்ற சீக்குன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். தின்ன வூட்டுல கன்னம் வச்சிட்டு, தப்பிக்கிறதுக்கு ஒரு கதை சொல்றதுன்னாலும் கேக்குற மாதிரி சொல்லக் கூடாதா?"

முதல் அடி சிவசங்கருடையது. பழனிவேலுக்கு அந்தக் கை நன்றாகத் தெரியும். "என் பொண்டாட்டியையும் கெடுத்துட்டு என் பேரையும் கெடுக்குறியாடா" என்று கத்திக்கொண்டே அடித்தான். அழுதபடி அடித்தான். ஊர் அந்த அழுகையைப் பார்த்துவிட்டு, பாவம், எவ்வளவு நம்பியிருந்தான் என்றது. அடுத்த அடி உத்திராபதியுடையது. தங்கச்சிக்கு நியாயம் கேட்க வந்தவன், தங்கச்சியைக் கெடுத்தவன் இவன்தான் என்று முடிவு கட்டிவிட்டான். அதற்குப் பிறகு யார் யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. மணலில் விழுந்து கிடந்தபோது கால்களுக்கு நடுவே கனிமொழியின் முகம் தெரிந்தது. அவள் பழனிவேலைப் பார்க்கவில்லை. புருசனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் நம்பினாள் என்று அவனுக்கு அந்தப் பார்வையில் தெரிந்தது.

பழனிவேலை எந்தப் படகிலும் ஏற்றக் கூடாது என்று ஊர் சொன்னது. கனிமொழி இனி சிவசங்கருக்குப் பெண்டாட்டி இல்லை என்று தீர்த்துவிட்டார்கள். ப்ரீத்தி அப்பன் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள்.

பழனிவேல் சிதம்பரத்துக்குப் போனான். மீன் மார்க்கெட்டில், வாங்குகிறவர்களுக்கு மீன் அறுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. கடலில் மீன் பிடித்தவனுக்கு அது இறங்கின வேலைதான். வஞ்சிரத்தைத் துண்டு போடுவதும், இறாலை உரிப்பதும், "தல வேணாம், செவுள எடுத்துடு" என்கிற அம்மாக்களுக்குத் தலையாட்டுவதுமாகப் பொழுது போனது. ஐப்பசி மழையில் மார்க்கெட் தரை முழுக்கச் செதிலும் தண்ணீருமாக வழுக்கியது. தில்லைநாதன் எப்போதாவது வந்து, "ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று கேட்டுவிட்டுப் போவான். சிவசங்கர் ஒருநாளும் போன் பண்ணவில்லை. போன் அடித்தால் அவன்தானோ என்று எடுத்துப் பார்க்கிற தன்னை நினைத்துப் பழனிவேலுக்கே வெட்கமாக இருந்தது.

மாத்திரை வாங்கப் போன ஒருநாள் ஆஸ்பத்திரி வரிசையில் கனிமொழியைப் பார்த்தான். வயிறு நன்றாக மேடிட்டிருந்தது. முகம் வற்றிப்போயிருந்தது. அவளும் பார்த்தாள். நகர்ந்து போய்விடலாமா என்று நினைத்தான். அதற்குள் அவளே, "அண்ணே" என்றாள். அந்தச் சொல் பழக்கத்தில் வந்துவிட்டது போல உடனே வாயை மூடிக்கொண்டாள்.

மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் இடம்விட்டு உட்கார்ந்தார்கள். அவன் டீ வாங்கி வந்தான். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் வூட்ல எப்டி வச்சிருக்காங்க?"

"தட்டு தனி, டம்ளர் தனி. அண்ணி பாத்ரூம்ல பெனாயில் ஊத்திட்டுதான் போவா. கொழந்தைக்கு வராதுன்னு டாக்டர் சொல்றாங்க. பாக்கலாம்."

"நான் அன்னிக்கு உனக்கு நல்லது பண்ணணும்னுதான்..."

"தெரியும்."

ஒரு ஆட்டோவிலிருந்து கிழவர் ஒருவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருசம் ஆவுது."

"அவுருக்கு?"

"தெரிஞ்ச அந்த வாரமே சொல்லிட்டேன்."

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருசம் என் கையால சோறு தின்னிருக்கீங்க. அவுரு சொல்லல, சரி, அவுரு புத்தி அது. உங்களுக்கு என்னா? தட்டுல சோறு போடும்போது நிமிந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அவுர கிட்ட சேத்திருப்பனா? ஊரே கூடுனப்ப சொன்னீங்களே, அத எனக்கு மட்டும் அடுப்படியில சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவன் என்ன வுட்டுடுவான்னு பயந்தேன்."

சொன்ன பிறகுதான் அதுதான் உண்மை என்று அவனுக்கே தெரிந்தது. கனிமொழி அவனை உற்றுப் பார்த்தாள்.

"அவ்ளோ ஆசையா அவுரு மேல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கும்தான் ஆசையா இருந்துச்சு" என்றாள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்ததிலிருந்து சொல்ல நினைத்திருந்ததைச் சொன்னாள். சிவசங்கருக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். கொள்ளிடத்துக்கு அந்தாண்ட ஒரு குப்பம். பெண் பெயர் மோகனப்பிரியா. தை மாதம் கல்யாணம்.

"அவன் ரத்தம் பாத்தானா?"

"எங்க பாத்தாரு. கட்டுனவ சரியில்ல, தீத்துவுட்டுட்டோம்னு சொல்லித்தான் பொண்ணு கேட்டிருக்காங்க. நான் போய்ச் சொல்லப் போறேன். அந்தப் பொண்ணுகிட்டயே."

"நானும் வர்றேன். நீ மட்டும் சொன்னா, தீத்துவுட்ட வயித்தெரிச்சல்ல பேசுறான்னுவாங்க. நான் வந்து எல்லாத்தயும் சொல்றேன். எத்தினி பேரு அடிச்சாலும் சொல்றேன்."

இருவரும் எழுந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார்கள். அவன் நாலடி பின்னால் வந்தான். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கொள்ளிடம் வழியாகப் போகிற சீர்காழி பஸ் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தது. அவன் முன் படியில் கால் வைக்கப் போனான்.

"நீங்க வராதீங்க" என்றாள் கனிமொழி.

"ஏன் தங்கச்சி?"

"நாம ரெண்டு பேரும் சேந்து போயி நின்னா என்னா நெனப்பாங்க? இவனோடதான் இருக்கா, அந்த அம்மா சொன்னது நெசந்தான்னுவாங்க. நீங்க கூட வந்தா நான் சொல்றது அவ்ளோவும் பொய்யாயிடும்."

"பின்னாடி பஸ்ல வர்றேனே."

"எந்த பஸ்ல வந்தாலும் அதான்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பழனிவேல் ஜன்னலுக்குக் கீழே நின்றான். அவள் அவனைப் பார்க்காமல் டிக்கெட் வாங்கினாள். பஸ் சேற்றுத் தண்ணீரை அவன் கால் மேல் இறைத்துவிட்டுப் போனது. மார்க்கெட்டுக்குத் திரும்பிப் போய், அறுக்கக் கொடுத்த மீனையெல்லாம் அறுத்தான். எவ்வளவோ வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. இப்போது பேசத் துணிந்தால், அவன் பேச்சே அவளுக்கு எதிர் சாட்சியாகப் போகிறது.

சாயந்திரம் அவளே போன் பண்ணினாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே குரல் கேட்டது.

"போய்ச் சொல்லிட்டேன்."

"என்னா சொன்னாங்க?"

"அப்பங்காரரு வெளிய போன்னாரு. அந்தப் பொண்ணுதான் வந்து உக்கார வச்சி தண்ணி குடுத்துச்சு. என் வயித்தயே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அவுருக்கு டெஸ்டு எடுத்தாங்களான்னு மட்டும் கேட்டுச்சு. இல்லன்னேன். எடுத்துட்டு வரட்டும், அப்பறம் பேசலாம்னு அவங்க அப்பாவ அங்கியே போன் போடச் சொல்லிடுச்சு."

"சிவா என்னா சொன்னான்?"

"அவுரு பேசல. அத்தைதான் பேசுனாங்க. என் புள்ளைக்கே டெஸ்டான்னு கேட்டு, இந்த சம்பந்தமே வேணாம்னு வச்சிட்டாங்க."

பழனிவேல் கத்தியைக் கீழே வைத்தான்.

"அப்ப நின்னுபோச்சு."

"இந்த ஊர்ல நின்னுபோச்சு" என்றாள் கனிமொழி. "வேற ஊர்ல பாப்பாங்க. ஒவ்வொரு ஊருக்கும் நான் பஸ் ஏற முடியுமா?"

அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் கண்டக்டர் கொள்ளிடம் கொள்ளிடம் என்று கத்தினார். அவள் போனை வைத்துவிட்டாள். முன்னால் ஒரு அம்மா பையில் கால் கிலோ சங்கரா மீனோடு நின்று, எவ்வளவு நேரம்தான் நிற்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.